கருப்பையை அகற்றும் முன் சொல்லப்படாத வழி

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கருப்பையை இழந்திருப்பதை 2019இல் அம்மாநில அரசு அமைத்த குழு கண்டறிந்தது. இவர்களில் பலர் தலித், நாடோடிச் சமூகங்களின் கூலிப் பெண்கள். வேலைக்கு வராத நாளுக்கு ஒப்பந்ததாரர் தண்டம் பிடிக்கும் தொழிலில் மாதவிடாயே கடனாகிறது.

அதிக உதிரப்போக்கிற்குக் கருப்பை அகற்றம் மட்டுமே தீர்வன்று. லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனைச் சிறுகச் சிறுக வெளியிடும் கருப்பைச் சாதனம், உட்சுவரை மெலியச் செய்து சில மாதங்களிலேயே உதிரப்போக்கைப் பெருமளவு குறைக்கிறது, வலியைத் தணிக்கிறது, பல ஆண்டுகள் கருத்தடையாகவும் பயன்படுகிறது. அரசு மருத்துவமனைகளில் பரவலாகப் பொருத்தப்படும் காப்பர்-டியோ உதிரப்போக்கைக் கூட்டக்கூடியது. இரண்டையும் 'லூப்' என்றே சொல்லிக் குழப்புகிறார்கள். ஹார்மோன் சாதனத்திற்குத் தனியாரிடம் சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

பக்கவிளைவுகளை மறைத்து இதனைப் புகழ்வதும் தவறே. முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் ஒழுங்கற்ற கசிவு இருக்கலாம். தலைவலி, முகப்பரு, மார்பக வலி, மனநிலை மாற்றம், சினைப்பை நீர்க்கட்டி ஆகியவை வரலாம். சாதனம் நழுவலாம், அரிதாகக் கருப்பைச் சுவரைத் துளைக்கலாம். சிலருக்கு மாதவிடாய் நின்றே போகும். அதை முன்னரே சொல்லாவிட்டால் கருவுற்றதாகவே அஞ்சுவார்கள். எனினும், ஒவ்வாதபோது சாதனத்தை எடுத்துவிடலாம்.

மாற்றுச் சிகிச்சைகளையும் நோயாளிக்குச் சொல்லியே ஒப்புதல் பெறவேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் வகுத்தது. தேவையற்ற கருப்பை அகற்றத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என 2023இல் நரேந்திர குப்தா வழக்கில் ஆணையிட்டது. ஆகவே படிவத்தில் கைநாட்டு இருப்பது போதாது. இச்சாதனம் உள்ளிட்ட மாற்றுகள் விளக்கப்பட்டதற்கான பதிவையும் மருத்துவமனையிடம் எழுத்துமூலம் கோருங்கள்.