டோர்ணக்கல் வழியே போகிறவர்களுக்கு

செகந்தராபாத்திலிருந்து சென்னைக்கு ரயில் ஏறும் நம்மவர்களுக்கெல்லாம் டோர்ணக்கல் சந்திப்பு தெரிந்த பெயர்தான். காசிப்பேட்டை தாண்டி, கம்மம் வருவதற்கு முன்னால் வரும். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, படுக்கையை விரித்துவிட்ட பிறகு வருகிற ஊர் ஆகையால் நம்மில் பலர் அதைக் கண் திறந்து பார்த்திருக்க மாட்டோம். நானும் முப்பது வருஷங்களாக அந்த வழியே போய் வருகிறவன். ஒரு முறைகூட அங்கே இறங்கியதில்லை. அந்த ஊரில் ஒரு தமிழர் முப்பத்தைந்து வருஷங்கள் வாழ்ந்து, தெலுங்கு மக்களுக்குத் தொண்டு செய்து, அங்கேயே மறைந்தார் என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிய வந்தது.

நம் சங்கத்தின் பொதுக்குழு அடுத்த மாதம் கூடுகிறது. மருத்துவ முகாமுக்கு எவ்வளவு ஒதுக்குவது, எந்தக் கிராமத்தில் நடத்துவது என்ற பேச்சு வழக்கம்போல் எழும். அதற்கு முன்பாக, பிறர் மண்ணில் போய்த் தொண்டு செய்தவர்கள் இருவரைப் பற்றியும், நம்மைப் பற்றியும் என் மனத்தில் பட்டதை எழுதிவிட நினைக்கிறேன். அந்த இருவரும் கிறிஸ்தவ மிஷனரிகள். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். இன்றும் பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போகிறவன். ஆகவே மதப் பிரசாரத்துக்காக இதை எழுதவில்லை என்பதை அன்பர்கள் நம்பலாம்.

முதலாமவர் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822இல் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் படித்துவிட்டு, 1847இல், இருபத்தைந்து வயதில், யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். அமெரிக்க மிஷன் அங்கே 1816 முதலே பள்ளிகள் நடத்திக்கொண்டிருந்தது. கிறீன் 1848இல் மானிப்பாயில் வைத்தியசாலை தொடங்கினார். கூடவே உள்ளூர் இளைஞர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மேலைநாட்டு மருத்துவம் கற்பிக்கவும் ஆரம்பித்தார்.

ஆரம்பத்தில் அவரும் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்தில் படித்துத் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகம் கிடைத்ததும் வெளியூர் போய்விட்டார்கள். மானிப்பாயைச் சுற்றியிருந்த கிராமத்தானுக்கு வைத்தியர் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் சாதாரண மனிதர் என்ன செய்திருப்பார்? படித்தவர்களைக் குறை சொல்லியிருப்பார்; அல்லது ஊரிலிருந்து இன்னும் நாலு வெள்ளைக்கார டாக்டர்களை அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதியிருப்பார். கிறீன் தமது பாடமொழியை மாற்றினார். மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக் கொடுப்பது என்று தீர்மானித்தார்.

சொல்வது சுலபம். அன்று அதற்குத் தமிழில் புத்தகம் ஏது? அவரும் அவருடைய மாணவர்களும் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள். பிரசவ வைத்தியம் 1857இல் வந்தது. அறுவை மருத்துவம் பற்றிய ‘இரண வைத்தியம்’ 1867இல் வந்தது. உடலமைப்பைச் சொல்லும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் அச்சேறியது. உடல்நலம் கெட்டதால் 1873இல் ஊர் திரும்பிய பிறகும் அவர் விடவில்லை. வேதியியல் நூலான ‘கெமிஸ்தம்’ 1875இலும், ‘மனுஷ சுகரணம்’ 1883இலும் வெளிவந்தன. 1884இல் அவர் காலமானார். அறுபதுக்கும் மேற்பட்டவர்களை அவர் வைத்தியர்களாக்கினார் என்றும், அவர்களில் 33 பேர் தமிழிலேயே படித்தவர்கள் என்றும் வரலாறு சொல்கிறது. தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்கச் செய்தார். வூஸ்டரில் அந்தக் கல் இருக்கிறது.

“அவர் வந்தது மதம் மாற்றத்தானே?” என்று அன்பர்கள் கேட்கலாம். ஆம், அதை அவர் மறைக்கவே இல்லை. தம் மதத்தைத் தமிழர்கள் ஏற்க வேண்டும் என்று விரும்பினார். ஆனால் தமிழர்கள் உடையிலும் உணவிலும் வெள்ளைக்காரர்களாக மாற வேண்டும் என்று அவர் விரும்பவில்லை. அதை எதிர்க்கவே செய்தார். அந்தக் காலத்துப் பாதிரிமார் எல்லோரும் அப்படி நினைத்தவர்கள் அல்லர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிறீன் பிறந்த அதே 1822இல்தான் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை தொடங்கிய அதே 1848இல்தான் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷனரிகளின் மதமாற்றத்தை அவரைப்போல் எதிர்த்தவர் இல்லை. ஆனால் எதிர்த்த விதத்தைப் பாருங்கள். பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உதவி, அவர்களுடைய முறைகளை அறிந்துகொண்டு, பிறகு தாமே பள்ளி வைத்தார், அச்சுக்கூடம் வைத்தார், பாலர்களுக்குப் பாடப் புத்தகம் எழுதினார். 1877இல் பஞ்சம் வந்தபோது ஏழைகளுக்குக் கஞ்சித் தொட்டி வைத்தார். ஒருவர் செய்கிற தொண்டு பிடிக்கவில்லையென்றால் அதைவிட நல்ல தொண்டை நாம் செய்து காட்ட வேண்டும் என்பது நாவலர் நமக்குக் காட்டிய வழி. மிஷனரிகளைத் திட்டிக் கட்டுரை எழுதுகிற நம்மவர்கள் எத்தனை பேர் கஞ்சித் தொட்டி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டாமவர்தான் டோர்ணக்கல்காரர். வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற கிராமத்தில் 1874இல் பிறந்தவர். 1902இல் அவர் யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்கே உள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தைச் சேர்த்து வெளியிடங்களுக்கு ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். நம் திருநெல்வேலியில் இவ்வளவு சபைகள் இருந்தும் நாம் வெள்ளைக்காரரை எதிர்பார்த்தே இருக்கிறோமே என்ற வெட்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையனவாகவே இருக்க வேண்டும் என்பது கொள்கை. அந்தச் சங்கம் தேர்ந்தெடுத்த இடம் அன்றைய நிஜாம் ராஜ்யத்தில் இருந்த டோர்ணக்கல் வட்டாரம். 1909இல் அசரியாவே அங்கே குடியேறினார்.

அங்கே அவருக்குத் தெரிந்தவர் யாருமில்லை, பேச்சு தெலுங்கு. தமிழரான அவர் தெலுங்கு கற்றார். கிராமம் கிராமமாகப் போய், பெரும்பாலும் மாலா, மாதிகா மக்களிடையே வேலை செய்தார். 1912இல் பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. ஊர் மக்களிலிருந்தே உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் பயிற்றுவித்தார். 1939இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட பேராலயத்தை இந்துக் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றின் சாயலும் கலந்திருக்கும்படி கட்டினார். 1945 ஜனவரி முதல் தேதி காலமானார். அவருடைய மதமாற்றப் பணியைக் காந்தியடிகளே ஒப்பவில்லை. இருவருக்கும் அந்த விஷயத்தில் கடுமையான கருத்து வேற்றுமை இருந்தது. நானும் காந்தியடிகள் பக்கமே சாய்பவன். ஆனாலும் அசரியா 1910இல் எடின்பரோ மாநாட்டில் பேசியதை நான் மறப்பதில்லை. உலக நாடுகளின் மிஷனரித் தலைவர்கள் கூடியிருந்த அந்தச் சபையில், நீங்கள் எங்களுக்கு எத்தனையோ கொடுத்திருக்கிறீர்கள், உயிரையும் கொடுத்திருக்கிறீர்கள். எங்களுக்கு வேண்டியது நட்பு என்ற கருத்தில் அவர் பேசினார். கேட்டவர்களில் சிலருக்குக் கோபம் வந்தது. கொடுக்கிறவர்களுக்கு அப்படிக் கேட்கப் பிடிக்காது.

எனக்கும் ஒரு காலத்தில் பிடித்திருக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் மேடக் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நம் முகாம் நடந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். பந்தல், பதாகை, பொன்னாடை, மதியச் சாப்பாடு எல்லாம் குறைவின்றி நடந்தன. மருந்து மேஜையில் உட்கார்ந்தவன் நான். ஒரு கிழவிக்கு டாக்டர் இரத்தக் கொதிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு மாதத்துக்கான மாத்திரையை எண்ணிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த தெலுங்கு காய்கறிக் கடைக்கும் ஆட்டோவுக்கும் போதும். அதற்கு மேல் இல்லை. பாதி இந்தியும் பாதிச் சைகையுமாக, தலையைத் தொட்டுக் காட்டி, தலைசுற்றலுக்கு என்று சொல்லி அனுப்பினேன். அவளும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். எனக்கு மனம் நிறைந்திருந்தது.

மறு வருஷம் அதே கிராமத்துக்குப் போனோம். அதே கிழவி முந்தானையில் முடிந்து வைத்திருந்த அட்டையை எடுத்துக் காட்டினாள். பாதிக்கு மேல் அப்படியே இருந்தன. தலை சுற்றும்போது மட்டும் ஒன்று போட்டுக்கொண்டாளாம். நான் சொன்னதை அவள் சரியாகத்தான் செய்திருக்கிறாள். சொல்லத் தெரியாமல் சொன்னவன் நான். அன்றைக்கு அவளுடைய இரத்தக் கொதிப்பு எவ்வளவு இருந்தது என்று டாக்டர் சொன்னபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதில் இன்னும் ஒரு வேடிக்கை. இரண்டு வருஷமும் அந்தக் கிராமத்து ஆஷா பெண் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு வெயிலில் நின்றாள். யார் வீட்டில் யாருக்கு என்ன நோய், யார் மருந்தை நிறுத்திவிட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எங்களில் யாரும் அவளை மேஜைக்கு அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் அவளுக்கும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தோம்.

மொழி தெரியாத ஊரில் மருத்துவம் செய்ய வந்த கிறீன் மொழியைக் கற்றார், உள்ளூர் ஆளைத் தயார் செய்தார். அசரியாவும் இந்த இரண்டையுமே செய்தார். நாம் இந்த இரண்டையும் செய்யாமல் மாத்திரை மட்டும் கொண்டுபோகிறோம். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்தை வருஷத்துக்கு ஒரு மாதம் கொடுத்துவிட்டு, ஆண்டறிக்கையில் பயனடைந்தோர் எண்ணிக்கையை அச்சிடுகிறோம்.

“அவர்களுக்குப் பின்னால் மிஷன் இருந்தது, பணம் இருந்தது. நாம் உத்தியோகம் பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சேவை செய்கிறவர்கள்” என்று ஒரு சமாதானம் உண்டு. நியாயமே. நான் யாரையும் வேலையை விட்டுவிட்டுக் கிராமத்தில் குடியேறச் சொல்லவில்லை. “தமிழ்ச் சங்கம் தெலுங்கு கற்றுக்கொடுப்பதா?” என்று இன்னொரு கேள்வியும் வரும். தமிழைக் காப்பதற்கென்றே ஏற்பட்டது நம் சங்கம், சரி. ஆனால் கிறீன் வீட்டில் ஆங்கிலம் அழிந்துவிடவில்லை. அசரியா தமிழை மறந்துவிடவில்லை. நாம் முப்பது நாற்பது வருஷம் சோறு தின்ற மண்ணின் மொழியில் ஒரு கிழவிக்கு மாத்திரை சாப்பிடும் முறையைச் சொல்லத் தெரியாமல் இருப்பதால் தமிழ் ஒன்றும் வளர்ந்துவிடாது.

ஆகவே பொதுக்குழுவின் முன் என் யோசனைகள் மூன்று. முதலாவது, வருஷத்துக்கு ஒரு கிராமம் என்று சுற்றுவதை நிறுத்தி, ஒரே கிராமத்தை ஐந்து வருஷங்களுக்கு எடுத்துக்கொள்வோம். இரண்டாவது, பந்தலுக்கும் பொன்னாடைக்கும் ஆகிற பணத்தில் அந்த ஊர் ஆஷா பெண்ணுக்கும் இன்னும் ஓரிரு இளைஞர்களுக்கும் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கும் கருவிகளை வாங்கிக் கொடுத்து, நம் சங்கத்து மருத்துவர்கள் மாதம் ஒரு முறை போய் அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கட்டும். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிற அதே கூடத்தில், வகுப்பு முடிந்த பிறகு, முகாமுக்கு வர விரும்பும் பெரியவர்களுக்குப் பேச்சுத் தெலுங்கு வகுப்பு வைப்போம். நம் குழந்தைகள் எல்லோருக்கும் தெலுங்கு தண்ணீர்பட்ட பாடு. அவர்களே சொல்லித் தரட்டும்.

கிறீனுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை என்பதையும் நான் அறிவேன். நல்ல காரியமும் தொடர்ந்து செய்ய ஆளில்லாவிட்டால் நின்றுவிடும். ஐந்து வருஷம் கழித்து நாம் அந்தக் கிராமத்தை விட்டு வரும்போது, நாம் போனது தெரியாமல் அங்கே வேலை நடக்குமானால் அதுவே போதும்.

தெலுங்கு வகுப்புக்கு முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது டோர்ணக்கல்லில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறேன்.