கையடக்கக் கருவியும் கைக்கெட்டாத தமிழும்



புதிய கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று வரப்போகிறது என்றாலே போதும். வகுப்பறையில் அதன் பெயர் பாடநூலின் பெயரைவிட அதிகமாக ஒலிக்கத் தொடங்கிவிடும். நிந்தெண்டோ நிறுவனத்தின் ‘சுவிட்ச் 2’ வந்தபோதும் இதுவே நடந்தது. 2025 ஜனவரியில் அறிவிப்பு, ஏப்ரலில் விலை, ஜூன் 5ஆம் நாள் விற்பனை. நான்கே நாளில் உலகெங்கும் 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் விற்றன. மலேசியக் கடைகளுக்கு அது முறையாக வந்து சேரும் முன்பே, 7.9 அங்குலத் திரை, 256 கிகாபைட்டு நினைவகம் என்று நம் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்புவித்தனர். வலிமிகும் இடங்களைச் சொல்லத் தடுமாறும் அதே பிள்ளைகள்தாம்! இதில் எனக்கு வருத்தமில்லை. ஆர்வம் இருக்குமிடத்தில் நினைவாற்றல் தானே வரும் என்பதை ஆசிரியர்கள் அறிவோம்.

ஆனால், இத்தகைய எதிர்பார்ப்பை நான் கொஞ்சம் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். அதற்குக் காரணம் உண்டு.

‘எல்லாம் ஒரே கருவியில்’ என்னும் வாக்குறுதி நமக்குப் புதிதன்று. 2003 அக்டோபரில் நோக்கியா ‘என்-கேஜ்’ என்ற ஒன்றை வெளியிட்டது. பேசலாம், பாட்டுக் கேட்கலாம், விளையாடலாம் என்றார்கள். பேச வேண்டுமானால் கருவியின் விளிம்பைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டு அட்டையை மாற்ற வேண்டுமானால் மின்கலத்தையே கழற்ற வேண்டும்! அது எடுபடாமல் போனதில் வியப்பில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் சோனியின் ‘பிஎஸ்பி’ ஜப்பானில் வந்தது. உண்மையிலேயே அழகான கருவி. 4.3 அங்குலத் திரையில் திரைப்படம் பார்க்கலாம் என்பதே அதன் பெருமை. அக்கருவிக்காகவே ‘யூஎம்டி’ என்னும் சிறு வட்டைச் சோனி உருவாக்கியது. வீட்டிலிருக்கும் எந்தக் கருவியிலும் அந்த வட்டு ஓடாது. ஒரே படத்தைத் தொலைக்காட்சிக்கு ஒரு முறையும் கைக்கருவிக்கு ஒரு முறையுமாக இருமுறை விலை கொடுத்து வாங்க யார் முன்வருவார்? பிஎஸ்பி ஏழரைக் கோடிக்கும் மேல் விற்றது. படவட்டோ சில ஆண்டுகளில் மறைந்தது. பாட்டும் படமும் கடைசியில் கைப்பேசிக்குள் போய்க் குடியேறிவிட்டன.

தமிழாசிரியன் என்ற முறையில் நான் கேட்கும் கேள்வி வேறு. இக்கருவிக்குள் தமிழ் நுழைய முடியுமா?

பிஎஸ்பி தமிழ்ப் பாடலை ஒலிக்கும். அப்பாடலின் பெயரைத் தமிழில் காட்டாது. சுவிட்ச் 2 கருவியின் மொழிப் பட்டியலிலும் ஜப்பானியம், ஆங்கிலம், சீனம், கொரியம், பிரெஞ்சு, இடாய்ச்சு, டச்சு, உருசியம் எல்லாம் உண்டு. தமிழ் இல்லை, நம் நாட்டின் தேசிய மொழியாகிய மலாயும் இல்லை. நம் பிள்ளை மணிக்கணக்கில் கையில் ஏந்தும் ஒரு பொருள் அவனோடு ஒருமுறையும் அவன் மொழியில் பேசப்போவதில்லை.

“சந்தை சிறியது, அவர்கள் ஏன் செய்யப் போகிறார்கள்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பிஎஸ்பி அமெரிக்கக் கடைகளுக்கு வந்த அதே 2005ஆம் ஆண்டு, தைப்பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் ‘செல்லினம்’ வெளியீடு கண்டது. கைப்பேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்பும் செயலி அது. அதை உருவாக்கியவர் நம் மலேசியர் முத்து நெடுமாறன். அன்றைய கைப்பேசியின் திரை சிறியது, ஆற்றல் குறைவு. ஆயினும் வெளியார் எழுதிய செயலியை உள்ளே ஏற்கும் வாயில் ஒன்று அதில் திறந்திருந்தது. அந்த வாயில் வழியே தமிழ் நுழைந்தது. பிஎஸ்பியின் ஆற்றல் அதைவிடப் பன்மடங்கு, வாயிலோ பூட்டப்பட்டிருந்தது. தமிழை உள்ளே விட மறுத்தது வன்பொருளின் இயலாமையன்று, நிறுவனத்தின் கொள்கை. விளையாட்டுக் கருவிகளின் வாயில்கள் இப்போதும் அப்படித்தான் காவல் காக்கப்படுகின்றன. தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு சொல் விளையாட்டை ஓர் ஆசிரியர் உருவாக்கினால், அதை ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இன்றே ஏற்றிப் பார்க்கலாம். சுவிட்ச் கருவியில் ஏற்ற நிறுவனத்தின் இசைவு வேண்டும்.

மலிவுக் கருவிதான் மருந்து என்று சொல்லவும் நான் தயங்குகிறேன். 2011 அக்டோபரில் இந்திய அரசு ‘ஆகாஷ்’ பலகைக் கணினியைப் பெரும் ஆரவாரத்தோடு வெளியிட்டதே! 366 மெகாஎர்ட்சு செயலகம், விரலை அழுத்தினால்தான் உணரும் திரை. மாணவர் கைக்குப் போன பிறகுதான் குறை தெரிந்தது. மறு ஆண்டே இரண்டாம் பதிப்பைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இனி விலைக்கு வருவோம். அமெரிக்காவில் சுவிட்ச் 2 வெளியானபோது அதன் விலை 449.99 டாலர், அன்றைய நாணய மாற்றில் ஏறக்குறைய 1,900 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த மலேசியக் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஜொகூர்த் தந்தைக்கு இத்தொகை எட்டக்கூடும். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் நாள் முழுதும் நிற்கும் தாய்க்கு அது ஒரு மாத உழைப்புக்கும் மேல். ஒரே வகுப்பில் இருவர் பிள்ளைகளும் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். தீபாவளி அங்பாவ் காசு முழுவதையும் சேர்த்தாலும் பாதிகூடத் தேறாத பிள்ளையிடம், “உன்னிடம் இல்லையா?” என்று மற்றவன் கேட்கிறான். கருவியின் கெடுதி என்று பலர் கண் பார்வையைச் சொல்கிறார்கள்; என் கண்ணுக்கு முதலில் படுவது இந்தக் கேள்விதான்.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இயன்றவர் வாங்கட்டும், பிள்ளையோடு தாமும் அமர்ந்து விளையாடட்டும். முதல் நாளே வாங்குவதால் சிறப்பேதும் இல்லை. ஆறு மாதம் பொறுத்தால் எந்த விளையாட்டு நல்லது, எது வெறும் விளம்பரம் என்பது தெரிந்துவிடும்.

வாங்க முடிவு செய்த பெற்றோர்க்கு ஒரு செய்தி. ஜப்பானில் இக்கருவி இருவகையாக வெளிவந்தது. பன்மொழிக் கருவிக்கு 69,980 யென். ஜப்பானியம் மட்டும் காட்டும் கருவிக்கு 49,980 யென். ஆக, மற்ற மொழிகளின் விலை 20,000 யென்! அந்த மலிவான கருவி ஜப்பானிய நாட்டுக் கணக்கோடு மட்டுமே இணையும். இணையக் கடையிலோ சுற்றுலா சென்று வருபவரிடமோ குறைந்த விலைக்குக் கிடைக்கிறதென்றால், பணத்தைக் கொடுக்கும் முன் அது எந்த வகை என்று பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பிறகு ஆங்கிலத்துக்கு மாற்ற வழியில்லை.