பொருட்காட்சிசாலைச் சீட்டும் குடியானவர் கணக்கும்

சென்னை எழும்பூரிலுள்ள அரசினர் பொருட்காட்சிசாலைக்கு அந்நகரத்து ஜனங்கள் இட்டிருந்த பெயர் 'செத்த காலேஜ்' என்பதாகும். உயிர்ப் பிராணிகளைக் காட்டிய இடம் 'உயிர் காலேஜ்' எனப்பட்டமையின், பாடஞ்செய்த பறவைகளும் எலும்புக்கூடுகளும் இருந்த இடம் இவ்வாறு பெயர் பெற்றது. 1851-ம் வருஷத்தில் டாக்டர் எட்வர்டு பால்பர் பொறுப்பில் ஆரம்பமான இச்சாலையைக் காணும் பொங்கலன்று குடும்பத்தோடு பார்த்துவருவோர் இன்றும் அநேகர். பார்த்து வியப்பதோடு காரியம் முடிந்ததென்றே நம் மிராசுதாரர்கள் எண்ணுகின்றனர். இத்தகைய சாலைகளால் வயலுக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்று உண்டென்பது என் அபிப்பிராயம்.

செத்த பறவைக்கு மதிப்பைத் தருவது அதன் காலிற் கட்டிய சீட்டாகும். எவ்விடத்தில், எத்தேதியில், எவரால் எடுக்கப்பட்டதென்று அதில் எழுதியிருக்கும். பிரிட்டனில் பொரி வல்லூறு என்னும் வேட்டைப்பறவையின் முட்டைகள் கூட்டிலேயே உடைந்து வந்தன. டெரிக் ராட்கிளிப் என்னும் அறிஞர், பல காலமாகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்த முட்டையோடுகளை ஆராய்ந்து, 1947-ஐ ஒட்டி ஓடு திடீரென மெலிந்ததைக் கண்டு 1967-ல் வெளியிட்டார். டி.டி.டி. மருந்து பரவிய காலமும் அதுவே. அம்மருந்தே காரணமென்பது பின்னர் உறுதியாயிற்று. முட்டை சேர்த்தவர்களிற் பலர் வெறும் பொழுதுபோக்காகச் சேர்த்தவர்கள். அவர்கள் தேதி எழுதி வைத்திராவிடில் அவ்வோடுகளால் ஒரு பயனும் விளைந்திராது. நம் நாட்டிலும் அம்மருந்தைப் பயிருக்கு இடுவது 1989-ல் தடுக்கப்பட்டது.

கொல்லாமலே கணக்கெடுக்கும் வழியைக் காட்டியவரும் ஒரு பொருட்காட்சிசாலை உத்தியோகஸ்தரே. அமெரிக்க இயற்கைச் சரித்திரப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த பிராங்க் சாப்மன், கிறிஸ்துமஸ் நாளிற் பறவைகளைச் சுட்டு வீழ்த்தும் போட்டிக்கு மாறாக, அவற்றை எண்ணும் வழக்கத்தை 1900-ல் தொடங்கினார். அன்று எண்ணியவர் 27 பேர். நம் தமிழ்நாட்டிலும் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கு எடுக்கப்பட்டு வருகிறது. இவ்வாறு நாடெங்கும் பொதுஜனங்கள் எழுதியவற்றைத் திரட்டியே 2023-ல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வெளியாயிற்று. 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்களுக்கு முதற்கவனம் வேண்டுமென அது கூறுகிறது.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. கணக்கெடுப்போர் பெரும்பாலும் நகரவாசிகள். அவர்கள் நாடுவது ஏரியையும் சரணாலயத்தையும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிற்கும், மேட்டூர்த் தண்ணீரால் நிரம்பும் உதயமார்த்தாண்டபுரம் ஏரிக்கும், வடுவூருக்கும் வருகிறார்கள். இடையிலுள்ள சம்பா வயல்களைக் கடந்து போய்விடுகிறார்கள். ஏரியில் தங்கும் பறவை இரைதேடுவதோ நம் வயலில். நத்தைகுத்தி நாரை வயல் நத்தையைத் தின்கிறது. ஏர் பின்னே உண்ணிக்கொக்கு நடக்கிறது. இரவில் கூகை எலி பிடிக்கிறது. மாறாக, நீலத் தாழைக்கோழி நட்ட பயிரைக் கடித்து நாசஞ்செய்கிறதென்று குடியானவர் முறையிடுகின்றனர். அம்முறையீடு உண்மையே. எத்தனை கோழி, எந்தப் பருவத்தில், எவ்வளவு நிலத்தில் என்று கேட்டால் மட்டும் விடை கிடைப்பதில்லை. கணக்கில்லாத முறையீட்டுக்கு எந்த அதிகாரியும் பரிகாரம் சொல்ல இயலாது.

கணக்கு எழுதுவது நமக்குப் புதிதன்று. சர்வே எண் வாரியாகச் சாகுபடியை அடங்கலில் எழுதும் கிராமத்திற்கு, வயலில் இறங்கும் பறவையை எழுதுவது கடினமா? ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், கால்மணி நேரம் நின்று, வாரம் ஒருமுறை எழுதினாற் போதும். ஒன்றும் வராத நாளில் 'இல்லை' என்று எழுதுவது மிக அவசியம். அதை விட்டுவிட்டால் குறைந்ததா அன்றி எவரும் பார்க்கவில்லையா என்பது பின்னால் விளங்காது. பெயர் தெரியாவிடில் ஊகித்து எழுதலாகாது. அலகும் காலும் எந்நிறமென்று எழுதுக. கோடியக்கரையில் பம்பாய் இயற்கைச் சரித்திரச் சங்கத்தார் பல்லாண்டாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வந்திருக்கின்றனர். வளையமுள்ள பறவை செத்துக் கிடக்கக் கண்டால் அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் அப்படியே குறித்து வன இலாகாவுக்கு அறிவிப்பது நலம்.

சாலைகளை நடத்துவோருக்கும் கடமை உண்டு. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-ல் திறக்கப்பட்ட பூச்சிக் காட்சிசாலை போன்றவை, நெல்லுக்குப் பகையான தண்டுத் துளைப்பானையும் நட்பான பொறிவண்டையும் குடியானவர் கண்ணுக்குப் பிரித்துக் காட்ட வல்லவை. ஆயினும் கிராமத்தார் எழுதியனுப்பும் கணக்கின் முடிவு தமிழில் அதே கிராமத்துக்குத் திரும்பி வரவேண்டும். அனுப்பியது என்னவாயிற்றென்று தெரியாதவன் இரண்டாம் வருஷம் எழுதமாட்டான். அவனைக் குறைகூறவும் இயலாது.

பொங்கற் கணக்கு சம்பா கதிர் முற்றும் சமயத்தில் வருவதால் அது ஒன்றே போதாது. ஐப்பசியில் நடவு வயலில் நீர் நிற்கும்போதே தொடங்கி, தை அறுவடை வரை எழுதப்பட்ட நோட்டுகளைக் கிராம நிர்வாக அலுவலர்கள் வாங்கி வைக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.