கைமாறி வரும் வேட்டை நாய்

பிசான நெல்லை அறுத்து வயல்கள் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களில், திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்தில் நாய் வைத்தியம் பார்ப்பவர்களிடமும் பழக்குபவர்களிடமும் ஒரு கோரிக்கை அடிக்கடி வருகிறது. “ஒரு வயசுக் கன்னி. அவிழ்த்துவிட்டால் திரும்பி வரமாட்டேங்குது. ஆட்டைத் துரத்துது. யாராவது எடுத்துக்கிடுவாங்களா?” கன்னி என்ற வேட்டை நாய் இனத்துக்குப் பதில் சிப்பிப்பாறை இருக்கலாம், ராஜபாளையம் இருக்கலாம். கோரிக்கை மட்டும் மாறுவதில்லை. இப்படிக் கைமாறி வரும் இளநாயை நாம் எப்படி ஏற்கிறோம், எப்படிப் பழக்குகிறோம் என்பதைப் பொறுத்தே அதன் மீதி ஆயுள் அமையும். அதனால் இந்த இதழின் உரையை அதற்கே ஒதுக்குகிறோம்.

கோவில்பட்டி, கழுகுமலை, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காடுகளில் முயலைக் கண்ணால் பார்த்து, ஓடிப் பிடிக்கவென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை கன்னியும் சிப்பிப்பாறையும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேலை சட்டப்படி கிடையாது, அது சரியானதும்கூட. ஆனால் வேலையைத் தடைசெய்ததால் நாயின் உடம்பில் ஊறிய ஓட்டம் நின்றுவிடவில்லை. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய விலங்கு மரபணு வளப் பணியகத்தில் தனி இனங்களாகப் பதிவும் பெற்றன. நாட்டு நாய்க்குக் கிடைத்த இந்த மதிப்பு மகிழ்ச்சிக்குரியது. கரிசல் காட்டில் ஓட வேண்டிய குட்டி, ஆசையின் பேரில் மாடி வீட்டுக்கும் இரண்டு சென்ட் வீட்டுக்கும் போய்ச் சேர்வதுதான் கவலைக்குரியது.

கைவிடப்படும் வயதைக் கவனியுங்கள். பெரும்பாலும் எட்டு மாதம் முதல் ஒன்றரை வயது வரை. லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் போன்ற வழிகாட்டி நாய்களை வைத்து பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஐந்து மாதத்தில் சொன்னதைக் கேட்ட நாய் எட்டு மாதத்தில் தன்னை வளர்ப்பவரின் சொல்லையே தட்டுகிறது என்றும், அந்தக் கட்டம் கடந்துபோகக்கூடியது என்றும் காட்டியது. “கெட்டுப்போன நாய்” என்று நம்மிடம் வருவது பெரும்பாலும் பருவம் கடந்துகொண்டிருக்கும் நாய்தான். நாயைக் கொண்டு வருபவரிடம் இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர்களில் சிலராவது நாயைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

அடுத்த பிழை, பழக்குபவர்களான நம் பக்கம் நடப்பது. காணொளிகளிலும் கையேடுகளிலும் கிடைக்கும் பயிற்சி முறைகளில் பல, துப்பாக்கி வேட்டைக்கென உருவான லாப்ரடார், ஸ்பானியல் வகை நாய்களை மனத்தில் வைத்தவை. சுட்டு வீழ்த்திய பறவையை மென்மையாகக் கவ்விக்கொண்டு வந்து ஒப்படைப்பது அவற்றின் தொழில். ஒவ்வொரு கட்டத்திலும் எசமானின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது அவற்றின் இயல்பு. கன்னி அப்படியில்லை. இரை கண்ணில் பட்ட கணத்தில் அது தானே முடிவெடுத்து ஓடியாக வேண்டும்; மனிதனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்ற நாய் முயலைத் தவறவிட்டது. பந்தை எடுத்து வராததும் கூப்பிட்டதும் வராததும் அதன் முட்டாள்தனம் இல்லை, நாம் தேர்ந்தெடுத்த குணம்தான். அடித்துப் பழக்கினால் அந்த நாய் கூச்சப்பட்டு ஒதுங்கும். ஒதுங்கிய நாயைத் திருப்பிக் கொண்டுவருவது இரட்டிப்பு வேலை.

பயிற்சிக்கு முன் வைத்தியம். உண்ணிக் காய்ச்சல் நம் பகுதியில் சாதாரணம். சோர்ந்து, மந்தமாக வரும் நாயைப் ‘பயந்த சுபாவம்’ என்று எழுதிவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு அருகிலேயே இருக்கிறது. தடுப்பூசிச் சீட்டு கையில் இல்லையென்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு, வெறிநோய்த் தடுப்பூசியையும் மற்றவற்றையும் மறுபடி தொடங்குங்கள். ராஜபாளையமாக இருந்தால் காதைச் சோதியுங்கள்: வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடு சேர்ந்து வருவது அந்த இனத்தில் தெரிந்த விஷயம். ஒரு காது மட்டும் கேட்காத நாய், ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் தடுமாறும்; அதைப் பிடிவாதம் என்று அடிப்பவர்கள் உண்டு. கருத்தடை அறுவைக்கு மயக்கம் கொடுக்கும்போதும் கவனம் தேவை. கொழுப்பில்லாத உடம்பும் கல்லீரலின் மெதுவான மருந்துச் சிதைவும் சேர்ந்து, தயோபென்டோன் என்ற மயக்க மருந்துக்குப் பிறகு கிரேஹவுண்ட் இன நாய் எழுந்திருக்க வெகுநேரம் ஆகும். நம் ஒல்லி நாய்களையும் அதே எச்சரிக்கையோடு கையாள்வதே நல்லது.

இனி பழக்கம். முதல் இரண்டு வாரம் கட்டளை எதுவும் வேண்டாம். ஒரே இடம், ஒரே ஆள், ஒரே நேரச் சாப்பாடு போதும். இந்த நாய்களுக்குக் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால் சாதாரணப் பட்டை உருவிக்கொண்டு போய்விடும். இழுத்தால் அளவாக இறுகும் அகலப் பட்டையே சரி. ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் முன் ஒரே மாதிரி விசில் ஊதுங்கள். விசில் கேட்டால் வாய்க்கு ருசியாக ஏதோ வரும் என்பது உடம்பில் ஏறிய பிறகு, பத்து மீட்டர் கயிற்றில், ஆடும் கோழியும் இல்லாத இடத்தில், அதே விசிலைப் பழக்குங்கள். கயிறு தரையில் இழுபடட்டும். அதைக் கழற்றுவதற்கு மாதங்கள் ஆகலாம். நாயின் கண் எதன் மீதோ நிலைகுத்தி, காது விறைத்து, உடம்பு தாழும் அந்த நொடிக்கு முன்பே கூப்பிட வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு ஊதும் விசில், விசிலைப் பொருட்படுத்தாமல் இருக்கத்தான் கற்றுக்கொடுக்கும்.

ஓட்டமும் கொடுத்தாக வேண்டும். சுற்றிலும் வேலியடைத்த தோட்டத்தில், கயிற்று நுனியில் கட்டிய துணியைத் துரத்தவிட்டு இரண்டு மூன்று முறை முழு வேகத்தில் ஓடினால் போதும். அதுவும் விடியலில். பங்குனி, சித்திரையில் வெயில் ஏறிய பிறகு ஓடவிட்டால் நாயை இழக்க நேரும். பைக்கில் கட்டி ஓட்டும் வழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு வயதைத் தாண்டும் வரை எலும்பு முனைகள் முழுதாக மூடுவதில்லை.

நம் நிலத்தில் இந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் காரணமும் உண்டு. அறுத்த வயலில் ஆட்டுக்கிடை போடுகிறார்கள். வாழைத் தோட்டத்தில் மயில் மேய்கிறது. கங்கைகொண்டானில் புள்ளிமான் சரணாலயம், வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம், பாபநாசத்தை ஒட்டிக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். இந்த எல்லைகளில் அவிழ்த்துவிட்ட வேட்டை நாய், கிடைக்காரரின் ஒரு வருட வருமானத்தையோ ஒரு மானின் உயிரையோ பறிக்கும். உரிமையாளர் வழக்கில் நிற்பார். அதைவிட மோசமாக, நம் நாய்களிடமிருந்து காட்டு விலங்குகளுக்கு நாய்க்காய்ச்சல் போய்ச் சேரும்.

ஆகவே தொழிலில் இருப்பவர்களிடம் மூன்று கோரிக்கைகள். குட்டி விற்பவர்களே, எட்டு வாரத்துக்கு முன் குட்டியைக் கொடுக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதோடு நில்லாமல், வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எங்களிடமே திருப்பிக் கொடுங்கள் என்று எழுத்தில் கொடுங்கள். மருத்துவர்களே, நாய் கைமாறும்போது வயது, தடுப்பூசி, நோய், எதைத் துரத்தியது, யாரைக் கடித்தது என்பதை ஒளிக்காமல் ஒரு தாளில் எழுதிப் புது வீட்டுக்கு அனுப்புங்கள். பயிற்சியாளர்களே, ஒரு மாதத்தில் பழக்கித் தருகிறேன் என்ற வாக்கைக் கைவிடுங்கள். நாயைத் தனியாக வாங்கிவைத்துப் பழக்காமல், எடுத்துக்கொள்ளும் குடும்பத்தையும் கூட வைத்தே பழக்குங்கள். விசில் நம் வாயில் இருந்தால் நாய் நம்மிடம்தான் திரும்பி வரும். அது அவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்றால், முதல் நாளிலிருந்தே அவர்கள் ஊத வேண்டும்.