சத்தம் போடாத உயிர்

கொளத்தூர் மீன் கடைகளில் உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சை ஆமைக் குட்டியைக் கண்டு பிள்ளைகள் அடம்பிடித்தார்கள், வாங்கிக் கொடுத்தோம். கூடவே ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதன் நடுவில் பிளாஸ்டிக் தென்னை மரம், ஒரு டப்பா காய்ந்த இறால். நாய் மாதிரி குரைக்காது, பூனை மாதிரி சோபாவைப் பிராண்டாது என்பதுதான் அதில் நமக்குப் பிடித்தது. மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்த இந்தச் சிவப்புக் காது ஆமை ஓர் அடி நீளம்கூட வளரும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டுகள் வாழும். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஐந்தாம் வகுப்பில் ஆமை கேட்ட பிள்ளை படிப்பை முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஆமை குளியலறை பக்கெட்டுக்கும், அங்கிருந்து மொட்டை மாடித் தொட்டிக்கும் இடம் மாறியது. இப்போது அது தீனியைத் தொடுவதில்லை. கண் இமை வீங்கியிருக்கிறது, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது. "வயசாயிடுச்சு இல்ல" என்றோம். இத்தனை ஆண்டு அலட்சியத்தையும் அந்த ஒரு சொல்லில் மூடிவிட்டோம்.

கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் "வயித்துல பூச்சி இருக்கும்" என்றார்கள். இருக்கும்தான். குளத்தில் திரியும் ஆமையின் குடலிலும் உருளைப்புழு உண்டு. ஆனால் குளம் பெரிது, கழித்த இடத்தை விட்டு ஆமை நகர்ந்துவிடும். நம் பக்கெட்டில் அது கழிப்பதும் தின்பதும் ஒரே தண்ணீரில். கழிவோடு வெளியேறிய புழு முட்டை தீனியோடு மறுபடி உள்ளே போகிறது. நாம் தண்ணீர் மாற்றாத ஒவ்வொரு நாளும் புழுவுக்கு லாபம். போதாக்குறைக்கு, பாசத்தில் ஏரியிலிருந்து நத்தை பிடித்து வந்து போட்டோம். ஆமையின் ரத்தக் குழாய்க்குள் குடியேறும் தட்டைப்புழு வளர்வது அந்த நத்தைக்குள்தான்.

உடம்பில் தெம்பு இருந்தால் ஓரளவு புழுவை ஆமை தாங்கிக்கொள்ளும். அந்தத் தெம்பையும் நாமே கெடுத்தோம். குட்டியில் பூச்சியும் மீனும் தேடும் இந்த ஆமை, வளர்ந்தபின் பெரும்பாலும் நீர்ச்செடியும் இலையுமே தின்னும். நாம் கடைசிவரை காய்ந்த இறாலையே போட்டோம். வைட்டமின் ஏ குறைந்தால் இமை வீங்கும், காதில் சீழ்க்கட்டி வரும். கண் திறக்க முடியாமல் தீனியைத் தொடாதிருந்ததை, கோபித்துக்கொண்டதாக நினைத்துச் சிரித்தோம். ஜன்னலோரம் வைத்து, வெயில் படுகிறது என்று திருப்திப்பட்டோம். எலும்புக்கும் ஓட்டுக்கும் வேண்டிய புறஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும். சாய்ந்து மிதப்பதற்கு நிமோனியாவும் காரணமாக இருக்கலாம். முருகன் என்று பெயர் வைத்த ஆமை முட்டையிட்ட பிறகே அது பெண் என்று தெரிந்துகொண்ட வீடுகளும் உண்டு. ஆண் துணை இல்லாமலும் அது முட்டையிடும். தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டையை வயிற்றிலேயே அடக்கிவைத்துச் செத்தும் போகும்.

நாய் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் வீடே பதறுகிறது. ஆமை வாரக்கணக்கில் பட்டினி தாங்கும், நோயை மறைக்கும். அந்தப் பொறுமையை நாம் நமக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டோம்.

அதன் தொட்டியைச் சமையலறைத் தொட்டியிலேயே கழுவினோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆமைகள் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். பிள்ளைகளுக்கு அது தொற்றியதால்தான் அமெரிக்கா 1975-இல் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைக் குட்டிகளை விற்கத் தடை போட்டது.

பராமரிக்க முடியாதவர்கள் கோயில் குளத்தில் விட்டார்கள், புண்ணியம் என்றும் சொல்லிக்கொண்டார்கள். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. பிரான்சிலும் ஸ்பெயினிலும் அமெரிக்க ஆமைகளின் ஒட்டுண்ணிகள் உள்ளூர் ஆமைகளுக்குத் தாவியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நம் குளத்துக் காராமைக்கும் பால் ஆமைக்கும் அதே ஆபத்தைத்தான் புண்ணியம் என்ற பெயரில் இறக்கிவிட்டோம்.

வீட்டில் கிழட்டு ஆமை இருந்தால் இந்த வாரமே அதன் புதிய கழிவைச் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு, ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள். என்ன புழு என்பது மைக்ராஸ்கோப்பில் தெரிந்த பிறகு அவர் மருந்து எழுதட்டும். நாய்க்கோ மாட்டுக்கோ வாங்கிய ஐவர்மெக்டின் வீட்டில் மிச்சமிருந்தால் அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஆமைக்கு அது விஷம்.