உபாத்தியாயரின் ஓய்வும் நமது கடமையும்

விடுதிப் பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் ஊழியம் செய்த உபாத்தியாயர் ஒருவர் ஓய்வு பெறும்போது நடைபெறும் வைபவத்தை நமது நேயர்கள் அறிவார்கள். மாலையும் பொன்னாடையும் சாத்துவார்கள்; உபசாரப் பத்திரம் வாசித்துக் கொடுப்பார்கள்; பழைய மாணாக்கர்கள் நாத் தழுதழுக்கப் பேசுவார்கள். அது முடிந்த சில தினங்களில், அவர் குடியிருந்த வீட்டின் சாவியைக் காரியாலயத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். ஊருக்குள் சொந்த வீட்டிலிருந்து வந்து பகற்பொழுதில் பாடஞ் சொல்லிப் போகிறவருக்கு ஓய்வு என்பது வேலையிலிருந்து விடுதலை. விடுதியிலேயே முப்பது வருஷம் வசித்து, நள்ளிரவில் ஜுரங் கண்ட பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்து, பெற்றோர் நினைவால் அழும் பிள்ளையைத் தேற்றி, தமக்கென்று ஒரு மாலைப்பொழுதும் வைத்துக்கொள்ளாமல் வாழ்ந்தவருக்கோ வேலை, வீடு, சாப்பாடு, உறவு ஆகிய நான்கும் ஒரே தினத்தில் போய்விடுகின்றன. அவர் அப்பால் எங்கே செல்வார் என்று கேட்கும் நிர்வாகிகள் மிகச் சிலரே.

இதன் விளைவு எப்படிப்பட்டது என்பதற்கு அண்டை நாடாகிய பாகிஸ்தானத்தில் ஓர் உதாரணம் உண்டு. மேஜர் ஜெஃப்ரி லாங்லாண்ட்ஸ் 1917-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஹல் நகரில் பிறந்தவர். சிறு பிராயத்திலேயே தாய் தந்தையரை இழந்தார். கணித உபாத்தியாயராயிருந்து யுத்தத்திற் சேர்ந்து, 1942-ல் டியப் தாக்குதலில் போரிட்டு, 1944-ல் இந்தியாவுக்கு வந்தார். தேசம் பிரிந்தபின் சில வருஷங்கள் பாகிஸ்தான் சேனையில் பயிற்சியாளராக இருந்தார். அந்த உத்தியோகம் முடிந்ததும் தாய்நாடு திரும்பாமல், லாகூரிலுள்ள ஐட்சிஸன் கலாசாலையில் கணிதம் போதிக்கச் சென்றார். அக்கலாசாலை சமஸ்தானாதிபதிகளின் புதல்வர்களுக்காக 1886-ல் ஏற்பட்டது. அங்கே 25 வருஷம். பிற்காலத்தில் பிரதம மந்திரியான இம்ரான் கான் அவரிடம் பயின்றவர்களில் ஒருவர். 1979-ல் வடக்கு வஜீரிஸ்தானத்தில் ராஜ்மக் காடெட் கலாசாலையின் தலைமையை ஏற்றார். 1988-ல் மலைவாசிகள் அவரைக் கடத்திச் சென்று சில தினங்கள் கழித்து விடுவித்தனர். மற்றொருவராயிருந்தால் மூட்டை கட்டியிருப்பார். இவரோ 1989-ல், எழுபது வயது கடந்தபின், குளிர்காலத்தில் கணவாய் பனியால் மூடிக்கொள்ளும் சித்ராலுக்குப் போய், ஆரம்ப தசையிலிருந்த ஒரு சிறு பள்ளிக்கூடத்தை ஏற்றுக்கொண்டார். 2013-ல் அவர் ஓய்வு பெற்றபோது வயது 95!

ஆளவந்த ஜாதியில் பிறந்தவரைப் புகழ்வதா என்று தேசபக்தர்கள் சிலர் கேட்கக்கூடும். ஆளவந்தவர்கள் கப்பலேறிவிட்டார்கள், இவர் கரும்பலகையின் முன் நின்றார். அந்த வித்தியாசம் நமக்குப் போதும்.

ஆனால் இந்தச் சரித்திரம் வெறும் புகழுரையாக முடிவதற்கில்லை. அவருக்குப்பின் காரி ஸ்கோஃபீல்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி தலைமை ஏற்றுப் பல மாறுதல்களைச் செய்தார். கிழவருக்கு அவை பிடிக்கவில்லை. 2015-ல் அந்த அம்மையார் வெளிநாடு சென்று, திரும்புவதற்கு விஸா கிடைக்காமல் நின்ற சமயத்தில், இவர் சித்ராலுக்கே திரும்பிப் போய்ப் பள்ளிக்கூடத்தைத் தம் வசப்படுத்த முயன்றார். இரு நாட்டுப் பத்திரிகைகளும் அந்தச் சச்சரவை எழுதின. கடைசியில் அம்மையார் திரும்பி வந்தார். அறுபது வருஷ ஊழியத்தின் முடிவில் இப்படியொரு கசப்பு நேர்ந்ததே என்று வருந்தாதவர் இலர்.

தமது காலம் முடிந்ததை அறிந்து விலகுவதும் உபாத்தியாயரின் தர்மந்தான். அதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. மேஜர் லாங்லாண்ட்ஸ் அதைப் பல வருஷங்களுக்கு முன்பே செய்திருக்க வேண்டும். எனினும் பழி முழுவதையும் அவர் தலையில் ஏற்றுவது நியாயமா? அவர் விவாகம் செய்துகொள்ளவில்லை. பிள்ளை குட்டி இல்லை. பள்ளிக்கூடமே அவருக்கு வீடு. சொந்த வீட்டை விட்டு வெளியேற யார்தான் அவசரப்படுவார்கள்? ஐட்சிஸன் கலாசாலையார் தங்கள் பழைய உபாத்தியாயருக்கு வளாகத்திலேயே வசிக்க இடம் அளித்தனர். 2019-ஆம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி, தமது 101-வது வயதில், அவர் லாகூரிலேயே காலமானார். பட்டங்களும் பதக்கங்களும் இரு ராஜாங்கத்தாரும் கொடுத்தார்கள். அவற்றைக் காட்டிலும் அந்த இடமே மேலான சன்மானம் என்பது நமது துணிபு.

நமது நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 1937-ல் டேராடூனுக்கு உபாத்தியாயராக வந்த ஜாக் கிப்ஸன், 1954 முதல் அஜ்மீர் மேயோ கலாசாலையின் தலைவராயிருந்து, 1969-ல் விலகினார். விலகியபின் அதே அஜ்மீரில் குடியிருந்து 1994-ல் காலமானார். வேலையை விட்டார், ஊரை விடவில்லை. இதற்கு வசதி இருந்தது. எல்லாருக்கும் இருக்குமா?

எல்லாருக்கும் இல்லை என்பதை நமது தேசத்துத் தனியார் பள்ளிக்கூட முதலாளிகளின் நடத்தையே காட்டும். ஓய்வு பெறும் தொழிலாளிக்கு, உழைத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் வீதம் பணிக்கொடை தர வேண்டுமென்று 1972-ல் சட்டம் ஏற்பட்டது. உபாத்தியாயர் அந்தச் சட்டத்தின்படி ஊழியர் ஆகார் என்று 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பியூனுக்கு உண்டு, குமாஸ்தாவுக்கு உண்டு, குருவுக்கு இல்லை! பார்லிமெண்டு 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதியிலிருந்தே அது செல்லுமென்று விதித்தது. அப்பொழுதாவது நிர்வாகிகள் பணத்தைக் கொடுத்தார்களா? தனியார் பள்ளிக்கூடத்தார் பலர் திருத்தம் செல்லாதென்று வழக்காடினர். 2022 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு அவர்கள் வாதத்தைத் தள்ளிய பிறகே விவாதம் ஓய்ந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓய்வு பெற்று, கையில் ஒன்றுமில்லாமல் பிள்ளைகள் வீட்டில் ஒதுங்கியவர்கள் எத்தனை பேரோ! அந்தப் பள்ளிக்கூடங்களிலும் குரு பூஜை குறைவின்றி நடந்திருக்கும்.

நாம் கேட்பது தானமன்று. விடுதியில் வசிக்கும்படி கட்டாயப்படுத்திய ஸ்தாபனம், அந்தக் கட்டாயத்தால் வீடு கட்டிக்கொள்ளாமற்போன மனிதருக்கு வாசத்தலம் ஒன்று தேடித் தரவேண்டும். இல்லையேல் அதற்குரிய தொகையை ஊழியக் காலத்திலேயே மாதந்தோறும் ஒதுக்கிவர வேண்டும். அவருக்குப் பின் வருபவரை ஒரு வருஷம் முன்பே நியமித்து, இருவரும் சேர்ந்து வேலை பார்க்கும்படி செய்ய வேண்டும். செலவு அதிகமென்று நிர்வாகிகள் முறையிடுவார்கள். மாணாக்கரிடம் வாங்கும் கட்டணத்தைப் பார்த்தவர்கள் அந்த முறையீட்டைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

வருஷ முடிவு நெருங்கும்போது மாலைக்கும் பொன்னாடைக்கும் பணம் திரட்டும் பழைய மாணாக்கர் சங்கத்தாருக்கு ஒரு வார்த்தை. கடைக்குப் போகுமுன் ஸ்தாபனத்தின் காரியதரிசியைக் கண்டு, இவருக்குச் சேரவேண்டிய தொகை எந்தத் தேதியில் கைக்கு வரும், வீட்டுச் சாவியை எந்தத் தேதியில் கேட்பீர்கள் என்று விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.