ஏ.சி-க்குப் பதில் ஹீட் பம்ப்: வடசென்னை வீட்டுக்குத் தேவையா?

பழைய ஏ.சி படுத்துவிட்டது. கடைக்குப் போனால் 'ஹாட் அண்ட் கோல்ட்' மாடலைக் காட்டுகிறார்கள். யூடியூபைத் திறந்தால் ஹீட் பம்ப் புராணம். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ குடியிருப்பவர் எதை வாங்குவது?

முதலில் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏ.சி-யும் ஒரு ஹீட் பம்ப்தான். அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப் என்று விற்கப்படுவதில் கூடுதலாக ஒரு வால்வு. அது கேஸ் ஓடும் திசையைத் திருப்பி, வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவரும். குளிர் வாட்டும் ஐரோப்பாவில் அது வரம். ஜனவரி இரவிலும் சராசரியாக 20 டிகிரிக்குக் கீழே இறங்காத சென்னையில் ஹீட்டர் யாருக்கு வேணும்?

இங்கே கவலைகள் வேறு. ஒன்று, கரண்ட் பில். 2 மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறி, முந்தைய யூனிட்டுகளுக்கான சலுகையும் குறையும். அதனால் ஸ்டார் ஸ்டிக்கரில் ஐ.எஸ்.இ.இ.ஆர் எண் அதிகமுள்ள இன்வெர்ட்டர் மாடலே லாபம்.

இன்னொன்று, துரு. எண்ணூர் வரை நீளும் கடற்கரையின் உப்புக்காற்றும் ஆலைப் புகையும் அவுட்டோர் யூனிட்டின் காயிலை அரிக்கும். ஓட்டை விழுந்தால் கேஸ் போச்சு. காயிலுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உண்டா, அரிப்பால் வரும் பழுதுக்கு வாரன்ட்டி உண்டா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். இடையிடையே நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள்.

பயன்படுத்தப்போகாத 'ஹாட்' பட்டனுக்குக் கொடுக்கும் பணத்தை, காயிலைக் காப்பாற்றச் செலவிடுவதே புத்திசாலித்தனம்.